வேடம் எது, வண்டி எது?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிக்கப் வண்டி வாங்கப் புறப்படும் குடும்பஸ்தர் ஒருவர், விற்பனைக்கூடத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே, நண்பர், உறவினர், மோட்டார் விமர்சகர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய அனைவரிடமிருந்தும் ஒரே உபதேசத்தைக் கேட்டுவிடுகிறார். "நீங்கள் பாறையில் ஏறப் போவதில்லை; பாலைவனத்தில் பந்தயம் விடப் போவதில்லை; அலுவலகத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் போய்வரப் போகிறீர்கள்; ஆகவே ஆஃப்-ரோடு டிரிம் என்பது உங்களுக்கு வெறும் வேடம்; அந்தப் பணத்தை ஆடம்பர டிரிம்மில் போட்டால் ஏறி உட்காரும் ஒவ்வொரு நாளும் அனுபவிக்கலாம்" என்பதே அந்த உபதேசம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. நிதானமும் தன்னடக்கமும் கலந்த குரலில் சொல்லப்படுவதால் மறுத்துப் பேசவும் மனம் கூசுகிறது. ஆயினும், இந்த அபிப்பிராயம் அடியிலிருந்து நுனி வரை தவறானது என்றும், வேடம் என்ற குற்றச்சாட்டு உரிய இடத்தை விட்டு எதிர்ப்பக்கத்தின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது என்றும், பிக்கப் எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்துக்கு வேண்டிய உறுப்புகளை மிதமான ஆஃப்-ரோடு டிரிம்தான் இன்றும் காப்பாற்றித் தருகிறது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நம் ஊர்ச் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி மூட்டை ஏற்றிவரும் சிறு பிக்கப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குச் சிறிது விளக்கம் அவசியம். அங்கே பிக்கப் என்பது நான்கு கதவும் ஐந்து இருக்கையும் உள்ள குடும்ப வாகனம். ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் டிரக் என்ற ஸ்தானத்தை விட்டுக் கீழே இறங்கியதில்லை. ஒரே பெயருள்ள வண்டியே, கருவிகளிலும் அலங்காரத்திலும் வேறுபடும் பல டிரிம்களில் வருகிறது. வேலைக்காரருக்கென்று வரும் அடித்தட்டு டிரிம்முக்கும் உச்சாணி டிரிம்முக்கும் விலையில் ஒரு மடங்கு வித்தியாசம் இருப்பதும் உண்டு. நடுத்தட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஃபோர்டு எஃப்-150இல் ஒரு கிளை கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று போக, மற்றொன்று டிரெமர், ராப்டர் என்று போகிறது. ஜிஎம்சி சியராவில் டெனாலிக்கு எதிரே ஏடி4 நிற்கிறது. ராமில் லிமிடெட்டுக்கு எதிரே ரெபெல். டொயோட்டா டண்ட்ராவில் கேப்ஸ்டோனுக்கு எதிரே டிஆர்டி புரோ. இந்தப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் விவாதம்.

வேடம் என்று சொல்வதானால், முதலில் எது சரீரம், எது மேற்பூச்சு என்று தெரிந்தாக வேண்டும். அதற்குச் சரித்திரத்தைத்தான் கேட்க வேண்டும். 1925ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை, மாடல் டி வண்டியின் பின்புறத்தில் ஓர் எஃகுத் தொட்டியையும், திறந்து மூடும் பின்கதவையும், பாரம் தாங்கும் கனத்த ஸ்பிரிங்குகளையும் பொருத்தி, 281 டாலர் விலைக்கு விற்றபோது, அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தார் போட்ட சாலையைத் தங்கள் வாசலில் கண்டவர்களல்லர். இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்துக்கென்று செய்த நான்கு சக்கர இயக்க டிரக்குகளின் அடித்தளத்தைக் கொண்டு டாட்ஜ் கம்பெனி 1946இல் பவர் வேகன் என்னும் வண்டியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1957இல் ஷெவர்லேயும், 1959இல் ஃபோர்டும், அதுவரை வெளிப் பட்டறைகள் மாற்றிக் கொடுத்துவந்த நான்கு சக்கர இயக்கத்தைத் தங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுக்கலாயின. இவற்றை வாங்கியவர்கள் மின்கம்பம் நடுவோர், காட்டிலாகாவினர், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர், மாட்டுப் பண்ணைக்காரர் முதலியோர். உயர்ந்த அடிவயிறு, கீழே உலோகத் தகடு, கரடுமுரடான டயர், இழுத்துக் கட்டக் கொக்கி ஆகியவை அவர்களுடைய பிழைப்பின் தேவையிலிருந்து வந்தனவேயன்றி, பொழுதுபோக்குக்காக எவரும் கற்பித்தவையல்ல.

ஆடம்பரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1955இல் ஷெவர்லே வெளியிட்ட கேமியோ கேரியர் என்னும் பிக்கப், மழமழப்பான பக்கங்களும் இரு வண்ணப் பூச்சும் கொண்டு கண்ணைக் கவர்ந்தது, 1958இல் நின்றுபோயிற்று. இந்தப் போக்கு எந்த முனையில் போய் முடியும் என்பதை 2002இல் லிங்கன் கம்பெனி வெளியிட்ட பிளாக்வுட் தெளிவாகக் காட்டிவிட்டது. அந்த வண்டியின் பின்தொட்டிக்குள் கம்பளம் விரித்து, ஓரத்தில் துருப்பிடிக்காத எஃகு பதித்து, மேலே மோட்டாரால் திறக்கும் மூடி அமைத்திருந்தார்கள். ஈரமான மண்வெட்டி ஒன்றை அதில் வைக்க யாருக்கும் மனம் வந்திராது. நான்கு சக்கர இயக்கமோ கேட்டாலும் கிடையாது. அமெரிக்கச் சந்தையில் அந்த ஓராண்டு மாடலோடு அது மறைந்தது. ஆனால் அதன் ஆன்மா மறையவில்லை என்றும், இன்றைய உச்சாணி ஆடம்பர டிரிம்கள் அதே தவற்றை அளவறிந்து, சாமர்த்தியமாகச் செய்கின்றன என்றும் நான் எண்ணுகிறேன்.

அந்த ஆடம்பர டிரிம்கள் தாங்கி நிற்கும் பெயர்களையும் சற்று ஆராய வேண்டும். கிங் ராஞ்ச் என்பது டெக்ஸாஸின் தென்பகுதியில் 1853இல் தோன்றி, இன்று 8,25,000 ஏக்கர் பரப்புடன் விளங்கும் கால்நடைப் பண்ணை. அதன் பெயரையும், குதிரைச் சேணத்தை நினைவூட்டும் பழுப்புத் தோலையும் ஃபோர்டு 2001 முதல் எஃப்-150இன் இருக்கைகளில் ஏற்றிவருகிறது. டண்ட்ராவில் 1794 எடிஷன் என்று ஒன்று உண்டு. சான் அன்டோனியோவில் டொயோட்டாவின் தொழிற்சாலை எழுந்துள்ள நிலத்தில் 1794இல் தோன்றிய பண்ணையின் ஞாபகமே அப்பெயர். ராம் லாங்ஹார்னின் முகப்புப் பலகையில் பழைய தானியக் களஞ்சியத்து மரத்தையே இழைத்துப் பதித்தார்கள். பண்ணையின் பெயர், பண்ணையின் தோல், பண்ணையின் மரம் எல்லாம் வந்துவிட்டன. பண்ணையின் வாசலில் உள்ள மண் பாதையில் கவலையின்றி ஓடுவதற்கு வேண்டிய டயர் மாத்திரம் வரவில்லை. உழைப்பின் அடையாளங்களை எடுத்துக்கொண்டு உழைப்புக்குரிய கருவிகளை விட்டுவிடுவதற்கு வேடம் என்று பெயரிடாமல், கருவிகளை வைத்துக்கொண்டு அடையாளங்களை விட்டுவிட்ட வண்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது எவ்வகை நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி விவாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். எதிர்த்தரப்பார், 'சாலை' என்றும் 'சாலைக்கு வெளியே' என்றும் உலகத்தை இரண்டே கூறாகப் பிரித்து, வெளியே என்ற கூற்றில் யூட்டா மாநிலத்து மோவாப் நகரின் வழுக்குப் பாறைகளையும், மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்துப் பந்தயப் பாதையையும் மாத்திரம் வைத்துவிட்டு, "இங்கெல்லாம் போவீர்களா?" என்று வினவுகிறார்கள். போகமாட்டோம் என்ற பதில் வந்ததும் வழக்கு முடிந்ததாகக் கொள்கிறார்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு பிக்கப்பின் வாழ்நாளில் மிக முக்கியமான நேரங்கள் கழியும் இடங்கள் பல உள்ளன. அமெரிக்கப் பொதுச் சாலைகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் செப்பனிடப்படாத மண்ணும் சரளையுமாகவே இருக்கிறது. டெக்ஸாஸின் மலைப்பாங்கான பகுதியில் பண்ணை வீடுகளுக்குப் போகும் வெள்ளைச் சுண்ணாம்புச் சரளைப் பாதைகள், வெயிலில் தகரக் கூரைபோல் அலையலையாக இறுகிக்கிடந்து, ஒரு மழை பெய்தால் சோப்புக் குழம்பாக மாறிவிடுகின்றன. வீடு கட்டும் மனையில் சிமெண்டு மூட்டையை இறக்கப் போனால் சேறு. வைக்கோல் கட்டு ஏற்ற வயலுக்குள் திரும்பினால் ஈரப் புல். மிச்சிகனின் வடபகுதியில் பனிவாரி இயந்திரம் வந்துசேராத காலை நேரத்தில் சொந்த வீட்டு வாசற்பாதையே சாலைக்கு வெளியேதான். பாறையில் ஏறாதவன் இங்கெல்லாம் போகாதவன் ஆகிவிடுவதில்லை.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் விரிவாகச் சொல்கிறேன். ஏரிக்கரையில் படகு இறக்குவதற்கென்று சரிவாகப் போட்ட சிமெண்டுத் தளம் இருக்கும். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நீருக்குள் இறக்கும்போது, பிக்கப்பின் பின்சக்கரங்கள் நீரும் கரையும் உரசும் விளிம்பில் வந்து நிற்கின்றன. பாசி படிந்து வழவழப்பாக இருப்பதும் சரியாக அந்த விளிம்புதான். முன்சக்கரங்களோ மேலே உலர்ந்த தளத்தில் நிற்கின்றன. படகை ஏற்றிக்கொண்டு மேலே இழுக்க வேண்டிய தருணத்தில், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள பின்னச்சில் என்ன நேர்கிறது? இரண்டு சக்கரங்களுக்கும் அது சமமான திருப்புவிசையையே கொடுக்கவல்லது. ஆகவே பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கிறது. பாசியின் மேல் நிற்கும் சக்கரம் நீரை வாரி இறைத்துக்கொண்டு சுழல, மறுபக்கத்தில் நல்ல பிடிப்புள்ள இடத்தில் நிற்கும் சக்கரம் அசையாமல் நிற்கிறது. வண்டி ஓரங்குலம் பின்னோக்கி நழுவுகிறது. பின்னால் வரிசையில் காத்திருப்பவர்கள் கீழே இறங்கி வந்து பார்க்கிறார்கள். டிரெமரிலும் ரெபெலிலும் முகப்பில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால், பின்னச்சின் இரண்டு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சேர்ந்தே சுழலும். பிடிப்புள்ள சக்கரம் தன் வேலையைச் செய்யும். படகு மேலே வந்துவிடும். இது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குழந்தைகளோடு மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் சாமானியருடைய தேவை. இதற்காக அவர் மோவாபுக்குப் போகத் தேவையில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கம்பெனிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலை ஆடம்பர வகைகளிலும் கொடுப்பதுண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. கொடுப்பது நல்லதே. ஆனால் டெக்ஸாஸ் போன்ற வெப்ப மாநிலங்களில் பளபளப்பான ஆடம்பர டிரிம் வண்டிகளில் பல, நான்கு சக்கர இயக்கமே இல்லாமல் விற்பனைக்கூடத்தில் வந்து நிற்கின்றன. நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தாழ்கியர் எல்லாவற்றிலும் வருவதாக எண்ணிவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த விஷயங்களெல்லாம் ஆஃப்-ரோடு டிரிம்மில் கேட்காமலே சேர்ந்து வருகின்றன.

"ஆயினும் தினசரி சௌகரியம் என்று ஒன்று உண்டல்லவா?" என்பார்கள். எதிர்த்தரப்பின் கோட்டையே இந்தச் சௌகரியம்தான். ஆகவே அதை அளவுகோலைக் கொண்டே பார்த்துவிடலாம். உச்சாணி ஆடம்பர டிரிம்மில் பெருமையோடு பொருத்தப்படுவது 22 அங்குல ரிம். எஃப்-150 லிமிடெட்டில் வந்த டயரின் பக்கத்தில் 275/50R22 என்று பொறித்திருக்கும். அகலம் 275 மில்லிமீட்டர். அதில் 50 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். ஆக, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 137.5 மில்லிமீட்டர். டிரெமரின் டயரில் 275/70R18 என்று இருக்கும். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 192.5 மில்லிமீட்டர். இரண்டு டயர்களின் மொத்த விட்டத்தையும் கணக்கிட்டால் முன்னது 834, பின்னது 842. அதாவது, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே உயரம். ஆனால் ஒன்றில் அந்த உயரத்தின் பெரும்பகுதி விறைத்த உலோகம். மற்றொன்றில் 55 மில்லிமீட்டர் கூடுதலான காற்றும் ரப்பரும். சாலையின் குழியை முதலில் வாங்கிக்கொள்வது ஷாக் அப்ஸார்பருமன்று, ஸ்பிரிங்குமன்று, டயரின் பக்கச்சுவரே. அதைக் கால் பங்குக்கு மேல் வெட்டிக் குறைத்துவிட்டு, அதன்பின் இருக்கையில் மெத்தென்ற தோலைப் போர்த்துவது, எந்த அசௌகரியத்தைத் தாமே உண்டாக்கினார்களோ அதற்குத் தாமே மருந்து விற்பதாகும்.

மிச்சிகனில் இதன் விளைவை எவரும் கண்ணால் காணலாம். குளிர்காலத்தில் தார்ச்சாலையின் வெடிப்புகளில் இறங்கிய நீர் உறைந்து பெருத்துத் தாரைத் தூக்குகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பகலில் உருகுவதும் இரவில் உறைவதுமாக மாறிமாறி நேர்ந்து, தூக்கிய தார் பெயர்ந்து, விளிம்பு கூர்மையான குழிகள் உண்டாகின்றன. அந்தப் பருவத்தில் டெட்ராய்ட் வட்டாரத்தின் டயர்க் கடைகளில், உள்விளிம்பு தட்டையாக மடிந்துபோன பெரிய அலாய் ரிம்முகளைச் சுவரோரமாகச் சாய்த்துவைத்திருப்பார்கள். டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு கிளம்பியிருக்கும். உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். தார்ச்சாலையை விட்டு ஓரடியும் விலகாத வண்டிகளுக்கு நேர்ந்த கதி இது. அலுவலகத்துக்கும் கடைக்கும் மாத்திரம் போகிறவனுக்கு எந்தச் சக்கரம் உகந்தது என்ற கேள்விக்கு, அந்தச் சுவரோரத்தில் கிடக்கும் ரிம்முகளைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

காற்று சஸ்பென்ஷனைக் காட்டி இதற்குப் பதில் சொல்வோர் உண்டு. ராம் லிமிடெட் போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை இருக்கிறது; பொத்தானை அழுத்தினால் வண்டி உயர்கிறது, ஏறும்போது தாழ்கிறது; ஆகவே ஆடம்பர டிரிம்மே இரண்டு காரியத்தையும் செய்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், புதிதாக இருக்கும்போது சுகமாகவும் இருக்கும். ஆனால் வண்டியை உயர்த்துவதனால் டயரின் பக்கச்சுவர் தடித்துவிடுவதில்லை. உயர்த்திய நிலையில் ஓட்டம் விறைத்துவிடுவதை ஓட்டிப் பார்த்தவர் அறிவர். அன்றியும், அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 12 ஆண்டைத் தாண்டிவிட்ட இக்காலத்தில், உப்புத் தெளித்த குளிர்காலச் சாலைகளில் பத்தாண்டு உழன்ற பின் அந்தப் பைகளும், குழாய்களும், கம்ப்ரெஸரும் என்ன நிலையில் இருக்கும் என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். எஃகுச் சுருள் ஸ்பிரிங் மூப்படையும். ஆனால் ஒரு விடியற்காலையில் திடீரென்று தரையில் படுத்துவிடாது.

அடுத்தது பாரம். இதைப் பற்றி விற்பனைக்கூடத்தில் யாரும் பேசுவதில்லை. விளம்பரத்தில் வருவது அந்த மாடலின் ஏதோ ஒரு வகை அடையக்கூடிய அதிகபட்ச எண் மாத்திரமே. உண்மையான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில், மஞ்சளும் வெள்ளையுமான ஒரு சிறு லேபிளில் அச்சாகியிருக்கிறது: ஏறும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேற்படலாகாது என்று, அந்த ஒரு வண்டிக்கே உரியதாக. வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடைக்குத் தொழிற்சாலை ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஆகையால் வண்டியோடு பிறந்த ஒவ்வொரு பவுண்டும் நாம் ஏற்றக்கூடிய பாரத்திலிருந்தே கழிகிறது. விரிந்த கண்ணாடிக் கூரை, மோட்டாரால் நீளும் படிப்பலகை, மோட்டாரால் திறக்கும் பின்கதவு, பிசையும் இருக்கை ஆகிய யாவும் எடை. எல்லாம் நிறைந்த நான்கு கதவு ஆடம்பர வண்டியில் அந்த லேபிள் 1,300 பவுண்டு அளவில் இறங்கி நிற்பது அரிதன்று. நான்கு பேர் ஏறினால் சுமார் 650 பவுண்டு போயிற்று. 6,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரைப் பூட்டினால், அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 12 என்று கொண்டால் 720 பவுண்டு. வரம்பு தாண்டிவிட்டது, பின்தொட்டியில் இன்னும் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் வைக்கவில்லை. பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர் இந்தக் கணக்கை நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டு போட நேர்வது பரிதாபம்.

நேர்மையாகப் பேசுவதென்றால், ஆஃப்-ரோடு என்ற பெயரிலேயே இதைவிட மோசமாகப் பாரத்தைத் துறந்த வண்டிகளும் இருக்கின்றன. ராப்டரின் 2021 மாடல் ஏற்றக்கூடிய அதிகபட்சப் பாரம் 1,400 பவுண்டு, இழுவை 8,200 பவுண்டு. 700க்கு மேற்பட்ட குதிரைசக்தி கொண்ட ராம் டிஆர்எக்ஸ் 1,310 பவுண்டுதான் தாங்கும். மணல்மேட்டில் பறந்து விழுவதற்கென்று மென்மையாக்கிய ஸ்பிரிங்குகள் பாரத்தின் கீழ் குனிந்துவிடுகின்றன. இவற்றுக்காக நான் வாதாடவில்லை. குடும்பத்துக்காகப் பிக்கப் தேடுபவருக்கு இவை பொருந்தா. நான் வாதாடுவது இவற்றுக்கு ஒரு படி கீழே நிற்கும் மிதமான வகைகளுக்கு. அதே 2021இல் வந்த எஃப்-150 டிரெமர் அதிகபட்சமாக 1,885 பவுண்டு ஏற்றவும் 10,900 பவுண்டு இழுக்கவும் வல்லது. சறுக்குத் தகடும் தடித்த டயரும் எடைதாம் என்பது மெய். ஆனால் அந்த எடை எண்ணெய்த் தொட்டியைக் கல்லிலிருந்தும், ரிம்மைக் குழியிலிருந்தும் காக்கிறது. கண்ணாடிக் கூரையின் எடை எதைக் காக்கிறது?

"வருஷத்தில் எத்தனை நாள் சேற்றில் இறங்குவீர்கள்?" என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். சில நாட்களே என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கருவியின் தேவையை அது பயன்படும் நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது சரியான அளவையன்று. அது இல்லாத நாளில் விளையும் சங்கடத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அடைமழை ஐப்பசியில் சில நாட்களே என்பதற்காக யாரும் கூரையின் ஓட்டைப் பிரித்து விற்றுவிடுவதில்லை. செல்போன் அலை எட்டாத வயல்வெளியில், மாலை மங்கும் நேரத்தில், அச்சளவு சேற்றில் புதைந்த வண்டியின் முன்புறத்தில் கயிற்றை மாட்ட ஒரு கொக்கியும் இல்லாமல் பம்பரின் பளபளப்பை மாத்திரம் தடவிப்பார்த்து நிற்பவருக்கு, சூடேறும் ஸ்டியரிங்கை ஆண்டு முழுவதும் அனுபவித்தோம் என்ற நினைப்பு எவ்வளவு ஆறுதலைத் தரும்?

ஆட்சேபங்களில் உண்மையுள்ளவையும் இருக்கின்றன. கரடுமுரடான டயர் நெடுஞ்சாலையில் முனகும். நனைந்த தார்ச்சாலையில், சாலைக்கென்றே செய்த டயரைவிடச் சற்று அதிக தூரம் ஓடியே நிற்கும். ஒரு காலன் எரிபொருளுக்கு ஓடும் தூரமும் ஒன்றிரண்டு மைல் குறையும். இவை மெய்யான விலைகள். ஆனால் இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் ஆல்-டெரைன் டயர்கள் சேற்று டயர்களல்ல. அவற்றுள் பல, கடும்பனியில் பிடிப்புக்கான சோதனையில் தேறியதற்கு அடையாளமாக, மூன்று சிகரங்களுக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரையைத் தாங்கி வருகின்றன. குளிர் மாநிலத்தில் இருப்பவருக்கு அந்த முத்திரை, கோடையில் கேட்கும் முனகலை ஈடுசெய்துவிடும். வயோதிகப் பெற்றோரை அடிக்கடி ஏற்றிச் செல்பவருக்கு, ஓரிரண்டு அங்குலம் உயர்ந்த வண்டியில் ஏறுவது சிரமமே. நீளும் படிப்பலகை உள்ள ஆடம்பர டிரிம் அவர்களுக்கு உபகாரமாக இருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் சாதாரணப் படிப்பலகை எந்த டிரிம்மிலும் சில நூறு டாலருக்குப் பொருத்தக்கூடியது. அதற்காக வண்டியின் சுபாவத்தையே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றினும் கனமான ஆட்சேபம் வேறொன்று. எதிர்த்தரப்பார் அதைச் சொல்வதில்லை என்பதனால் நான் சொல்லாமல் விட முடியாது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 40 அங்குலத்துக்கு மேற்பட்ட உயரமான பானட் கொண்ட வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகமும் உள்ளவற்றைக் காட்டிலும், நடந்து போகிறவர்மேல் மோதினால் அவர் உயிரைப் போக்கும் சாத்தியம் ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். பிக்கப்பை மேலும் உயர்த்தும் எந்த டிரிம்மும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பெரிய பிக்கப்பின் முகம் ஆடம்பர டிரிம்மிலும் சுவர்போல்தான் நிற்கிறது. எனினும் ஓர் அங்குலமும் ஓர் அங்குலம்தான். ஆகவே, தொழிற்சாலை கொடுத்த உயரத்துக்கு மேல் வெளிப் பட்டறையில் ஒருபோதும் உயர்த்துவதில்லை என்ற உறுதியும், முன்புறத்துக் காமிரா இல்லாத வண்டியை வாங்குவதில்லை என்ற உறுதியும் ஆஃப்-ரோடு டிரிம் வாங்குபவருக்கு இருந்தே ஆக வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும் வண்டி அது என்பதை மறந்துவிட்டு, பாறையைப் பற்றி மாத்திரம் பேசுபவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இருக்கையின் சூடு, குளிர்ந்த காற்று, தோல் உறை, பெரிய திரை, நல்ல ஒலிபெருக்கி ஆகிய சுகங்களை இழக்க வேண்டுமோ என்று தயங்குபவருக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. ஏடி4இலும், உரிய ஆப்ஷன்களைச் சேர்த்த ரெபெலிலும் டிரெமரிலும் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கின்றன. டெனாலிக்கும் ஏடி4க்கும் விலையில் அதிக தூரமும் இல்லை. அதுவும் கைக்கு எட்டாதவர்கள் எஃப்-150இன் நடுத்தட்டு எக்ஸ்எல்டி வகையிலேயே எஃப்எக்ஸ்4 என்னும் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால், பூட்டும் பின்னச்சும், சறுக்குத் தகடும், மண்பாதைக்கேற்ற ஷாக் அப்ஸார்பரும் வந்துவிடும். விற்பனையாளர் முதலில் திரையையும் கூரையையும் காட்டத் தொடங்குவார். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, ஓட்டுநர் கதவைத் திறந்து அந்த மஞ்சள் லேபிளில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு டயரின் பக்கத்தில் பொறித்திருப்பதைப் படித்து, தாழ்கியர் உண்டா, பின்னச்சு பூட்டுமா, முன்புறத்தில் கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். 8,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லரை மாதந்தோறும் இழுக்கப் போகிறவர் இந்த இரண்டு டிரிம்களையும் விட்டுவிட்டு, 2500 என்றும் எஃப்-250 என்றும் பெயர் பெற்ற கனவகை வண்டிகள் நிற்கும் வரிசைக்கு நேராகப் போய்விடுவதே நலம்.